இருபத்தாறு கல்லூரி, ஒரே பாடம்

ஜன்னலை மட்டும் மூடாதீர்கள், எனக்குக் காற்று வேண்டும். கையில் இருப்பது ஈசிஜி தாள்தான். பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றும் இல்லை. இதயம் நன்றாக இருக்கிறதாம். ஈசிஜி மெஷினும் நன்றாக இருக்கிறதாம். இன்ஜினியரே வந்து பார்த்துச் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம்தான் எனக்கு இப்படி வேர்க்கிறது.

நீங்கள் கடைசி ஸ்டாப் வரைக்குமா? நல்லது. நான் அதற்கு நாலு ஸ்டாப் முன்னால் இறங்க வேண்டும். அதுவரைக்கும் யாரிடமாவது பேசிக்கொண்டு வந்தால்தான் எனக்கு முடியும். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்.

என் மகள் பெனிட்டா. ஒரே மகள். ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். இன்று சாயந்திரம் ஐந்து மணியோடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் அவளுடைய லிஸ்ட் பூட்டியாகிவிட்டது. எந்தக் கல்லூரி, என்ன பாடம் என்று வரிசையாகப் போடுவோமே, அந்த லிஸ்ட். இப்போது வீட்டுக்குத்தான் போகிறேன். பெற்ற மகள் முகத்தைப் பார்க்கப் போக ஒருத்திக்குப் பயமாக இருக்கிறது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். போன மாதம் நீங்கள் இதைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். பன்னிரண்டு வருஷம். ரிப்பன் அவிழ்ந்திருந்தால் சிஸ்டர் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் எனக்கு எல்லாம் நேரத்துக்கு, ஒழுங்காக நடக்க வேண்டும். ஒருவரைத் திட்டுவதாக இருந்தாலும் முதலில் எக்ஸ்கியூஸ் மீ சொல்லிவிட்டுத்தான் திட்டுவேன். எங்கள் வீட்டில் பால் கணக்கிலிருந்து கல்லூரி வரைக்கும் முடிவெடுப்பது நான்தான். என் வீட்டுக்காரர் அமல்ராஜ் மின்வாரியத்தில் இருக்கிறார். அவரிடம் எதைக் கேட்டாலும், "பெனிட்டாகிட்ட கேட்டியா ஜெசிந்தா?" என்பார். பதினேழு வயசுப் பிள்ளையிடம் என்னத்தைக் கேட்க? அதற்கு என்ன தெரியும்?

அதற்குத் தவளை தெரியும். பல்லி முட்டை தெரியும். மரவட்டைக்கு ஒரு வளையத்துக்கு எத்தனை கால் என்று தெரியும். பயாலஜியில் தொண்ணூற்றெட்டு. அந்த ரெண்டு மார்க் எங்கே போனது என்று கேட்டதற்கு, "கேள்விதாம்மா தப்பு" என்றாள். கணக்கில் எழுபத்து நாலு. அதுவும் என் தொண்டைத் தண்ணீர் வற்றி வந்த எழுபத்து நாலு.

நீட் எழுதினாள். முந்நூற்றுச் சொச்சம். அதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நோயாளியாகத்தான் போகலாம். ரிசல்ட் அன்றைக்கு அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, "எனக்கு டாக்டராக ஆசையே இல்லம்மா. மனுஷங்க ரொம்பப் பேசுவாங்க. எனக்குத் தவளை போதும். ஜூவாலஜி சேர்த்து விடு" என்றாள்.

"தவளைக்கு வைத்தியம் பாத்தா யாருடி சம்பளம் குடுப்பா?"

"வைத்தியம் பாக்க இல்லம்மா. சும்மா பாக்க."

சும்மா பார்க்கவாம்! மூன்று வருஷம் படித்துவிட்டுச் சும்மா பார்ப்பாளாம். எங்கள் ஊர் ஆர்ட்ஸ் காலேஜில் ஜூவாலஜி சீட் ஆகஸ்ட் மாதம் வரைக்கும் ஆளில்லாமல் கிடக்கும். கேட்பாரற்றுக் கிடக்கிற இடத்தில் என் பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைப்பேனா?

அப்போதுதான் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கண்ணில் பட்டது. நானே தேடிக் கண்டுபிடித்தேன். பேரைப் பாருங்கள். பயோவும் இருக்கிறது, மெடிக்கலும் இருக்கிறது, இன்ஜினியரிங்கும் இருக்கிறது. அவளுக்கு பயோ, எனக்கு மெடிக்கல், அவள் அப்பாவுக்கு இன்ஜினியரிங். ஒரே கல்யாணத்தில் மூன்று சம்பந்தம். அவள் கட் ஆஃப் இருநூறுக்கு நூற்று ஐம்பத்தெட்டரை. இன்ஜினியரிங்குக்குக் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றையும்தான் கூட்டுவார்கள். பயாலஜி மார்க்கைச் சீந்த மாட்டார்கள். அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பயாலஜி தேவைப்படுகிற படிப்பென்றால் பயாலஜி மார்க்கைக் கேட்க மாட்டார்களா? எனக்குத் தட்டவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், எரிச்சல் வரும்.

உட்கார்ந்து லிஸ்ட் போட்டேன். இருபத்தாறு கல்லூரி. இருபத்தாறிலும் பயோமெடிக்கல். கோயம்புத்தூர், சேலம், சென்னை என்று ஊர்தான் மாறுமே தவிர பாடம் மாறாது. எங்கே விழுந்தாலும் அதில்தான் விழ வேண்டும் என்று போட்டேன். பெனிட்டா எட்டிப் பார்த்துவிட்டு, "ம்மா, ஜூவாலஜி வேண்டாம்னா வேற எதையாவது போடலாமே. இதுல என்ன சொல்லித் தருவாங்கன்னு பாத்தியா?" என்றாள். நான், "உனக்கு பயோ வேணும், அதுல பயோ இருக்கு, போய் வேலையப் பாரு" என்றேன். சண்டை. பெரிய சண்டை. அவளுக்கும் என் வாய்தான், சும்மா சொல்லக்கூடாது. "அப்ப நீயே போய்ப் படி" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அது நடந்து ஒன்பது நாள்.

மறுநாள் அவள் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் தலைப்பிரட்டை வளர்த்தாள். வாய்க்காலில் இருந்து பிடித்து வந்தது. பதினொன்று. எனக்கு எப்படி எண்ணிக்கை தெரியும் என்கிறீர்களா? ஒரு நோட்டில் தினமும் தேதி போட்டு எழுதி, படம் வேறு வரைந்து வைத்திருப்பாள். டெங்கு காலம். தேங்கின தண்ணீரைப் பார்த்தால் மாநகராட்சி ஆட்கள் வீட்டுக்குள் வந்துவிடுவார்கள். நான் டப்பாவை எடுத்து சாக்கடையில் கவிழ்த்தேன். பினாயில் ஊற்றிக் கழுவி, வெயிலில் காய வைத்தேன். சுத்தம் சுத்தம்தானே? நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

அன்றைக்கு அந்த நோட்டில், "நாலு பேருக்குப் பின்னங்கால் வந்தாச்சு" என்று எழுதியிருந்தாள். அதை நான் அப்புறம்தான் பார்த்தேன்.

வந்தாள். காய்ந்துகொண்டிருந்த டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கத்தப்போகிறாள் என்று நானும் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். டெங்கு, மாநகராட்சி, எல்லாம் வரிசையாக. அவள் கத்தவில்லை.

"சரிம்மா" என்றாள்.

அவ்வளவுதான். அதிலிருந்து எல்லாவற்றுக்கும் சரிம்மா. சாப்பிட வா என்றால் சரிம்மா. தலைக்கு எண்ணெய் வை என்றால் சரிம்மா. லிஸ்ட்டை அப்படியே விட்டுவிடுகிறேன் என்றேன், அதற்கும் சரிம்மா. முதல் நாள் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன். இரண்டாம் நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் சாம்பாரில் வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்தேன். பிறந்ததிலிருந்து என் சமையலில் குற்றம் சொல்லாமல் அவள் எழுந்ததே கிடையாது. அந்தச் சாம்பாரை ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். அன்றைக்கு ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போய் அவள் அறைக் கதவில் காதை வைத்துக் கேட்டேன்.

எங்கள் பின் தெருவில் ஒரு பெண் இருந்தாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ரிசல்ட் வந்த வாரம். நான் அதைச் சொல்லப்போவதில்லை. அந்த அம்மா இப்போதும் மாதா கோவிலில் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார்கள், யாரோடும் பேசுவதில்லை. அன்றைக்கு நானே சொன்னேன், "வீட்டுல ஒருத்தர் கூடவா கவனிக்கல?" என்று. பத்துப் பேர் கேட்க, சத்தமாகவே சொன்னேன்.

நாலாம் நாள் ஆசாரியைக் கூப்பிட்டு பெனிட்டா அறைக் கதவில் இருந்த தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். மழைக்கு மரம் ஊதிவிட்டது, அப்புறமாக மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்தேன். அவர் திருகாணி ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தபோது பெனிட்டா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முட்டாள் இல்லை. எதற்கென்று புரிந்திருக்கும். ஒன்றுமே கேட்கவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் நான் போய்க் கதவைத் தட்டுவேன். "சோப்பு இருக்காடி?" "இருக்கும்மா." ரெண்டு நிமிஷம் கழித்து, "துண்டு இருக்கா?" "இருக்கும்மா." அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் சோப்பும் துண்டும்தான் பேச்சு. என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்தால், "பிள்ள அமைதியாயிட்டாளே, பரவாயில்லையே" என்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவரிடம் சொன்னால் எதனால் என்று கேட்பார்.

இன்றைக்குக் கடைசி நாள். ஐந்து மணிக்கு நாம் ஒன்றையும் அழுத்தாவிட்டாலும் லிஸ்ட் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதற்குள் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். இந்தப் படிப்பு அவளுக்கு ஒத்து வருமா, வராதா? ஒத்து வரும் என்று ஒரு ஆள் வாயால் சொல்லிவிட்டால், இன்றைக்கு இப்படி இருந்தாலும் நாலு வருஷம் கழித்து எனக்கு நன்றி சொல்வாள் என்று நான் தைரியமாக இருப்பேன் இல்லையா? அப்படி யாரைக் கேட்பது? பயோமெடிக்கல் இன்ஜினியர் எங்கே இருப்பார்கள்? ஆஸ்பத்திரியில். அங்கே போய், "உங்க இன்ஜினியரைப் பாக்கணும்" என்றால் ரிசப்ஷனில் விடுவார்களா? அதனால் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லி, ஈசிஜிக்கு டோக்கன் போட்டேன். பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "பெனிட்டாகூட உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருங்க, ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு வந்திர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

படுக்க வைத்து, கையிலும் காலிலும் கிளிப் மாட்டி, நெஞ்சில் ஜில்லென்று எதையோ தடவி எடுத்தாள் ஒரு சின்னப் பெண். தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஓடி வந்தீங்களாம்மா? பல்ஸ் நூத்தி இருபத்தாறு இருக்கு."

"எக்ஸ்கியூஸ் மீ. நான் பஸ்ல வந்தேன். உங்க மெஷின் சரியில்ல."

பத்து நிமிஷம் உட்கார வைத்து மறுபடி எடுத்தாள். நூற்று இருபத்து நாலு. "மெஷின் சரியில்லன்னு அப்பவே சொன்னேன்ல. மெஷினப் பாக்குற இன்ஜினியரக் கூப்பிடு" என்று பிடித்துக்கொண்டேன். எனக்கு வேண்டியதும் அதுதானே!

வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். கழுத்து அட்டையில் இசக்கிலெட்சுமி என்று போட்டிருந்தது. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர். அம்பாசமுத்திரம் பக்கமாம். ஒரு சோப்புப் பெட்டி அளவில் எதையோ எடுத்து, என் மேலே மாட்டியிருந்த கிளிப்பையெல்லாம் அதில் மாட்டினாள்.

"இது என்ன?"

"பொய்யா இதயம் மாதிரி துடிக்கும்மா. இதுல எழுபத்திரண்டு வச்சா மெஷின்லயும் எழுபத்திரண்டு வரணும். வரலைன்னா மெஷின் தப்பு."

எழுபத்திரண்டு வந்தது. நூற்றிருபது வைத்தாள், நூற்றிருபது வந்தது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு."

"அப்போ?"

"அப்போ நீங்கதாம்மா" என்று சிரித்தாள். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை, பதற்றம்தான், கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினார். வராந்தாவில் உட்கார்ந்தேன். இசக்கிலெட்சுமியையும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"உனக்கு பயாலஜின்னா உசுருதானே? அதனாலதானே இத எடுத்த?"

"ஐயோ, இல்லம்மா. எனக்கு ரத்தத்தப் பாத்தா மயக்கம் வரும். பயாலஜி எனக்கு ஆகவே ஆகாது. சின்ன வயசுலயே எங்க வீட்டு ரேடியோ, மிக்ஸி, எல்லாத்தையும் கழட்டிப் போட்டு அடி வாங்குவேன். அதனாலதான் இது."

"அப்போ படிப்புல பயாலஜி?"

"ரெண்டாவது வருஷம் ஒரு பேப்பர் வந்துச்சு. உடம்புக்குள்ள எது எங்க இருக்குன்னு. அதுபோக அங்கங்க கொஞ்சம் வரும். மிச்சமெல்லாம் கணக்கு, கரண்டு, சர்க்யூட், சிக்னல்."

"நாலு வருஷத்துல?"

"நாலு வருஷத்துல. எங்க காலேஜ்ல அப்படித்தான்."

என் லிஸ்ட்டில் இருந்த இருபத்தாறும் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. அவள் என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும். "அப்படி ஒரேயடியா வேண்டாம்னும் சொல்ல முடியாதும்மா" என்றாள். அவள் வகுப்பில் ஒரு பெண்ணாம், பயாலஜிக்காக வந்து, முதல் வருஷம் முழுக்க அழுதாளாம். அப்புறம் செயற்கைக் கால் செய்கிற பாடம் வந்ததும் அப்படியே ஒட்டிக்கொண்டாளாம். இப்போது அதே வேலையில் நன்றாக இருக்கிறாளாம். "இன்னொருத்தன் பாதியிலயே விட்டுட்டுப் போயிட்டான். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரிம்மா. ஆமா, உங்க பொண்ணுக்கு மெஷின் பிடிக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டில் மிக்ஸி பழுதானால் பெனிட்டா என்ன செய்வாள்? யோசித்துப் பார்த்தேன். நான் திட்டுவேன், அவர் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவார். பெனிட்டா அந்த நேரத்தில் எங்கே இருப்பாள் என்றே நினைவுக்கு வரவில்லை.

"கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா. ஒரு மெஷினத் திறந்து காட்டியிருப்பேன். பிடிக்குமா பிடிக்காதான்னு அஞ்சே நிமிஷத்துல தெரிஞ்சிரும்."

"அவ சின்னப் பிள்ள, அவளுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

 அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஒருத்தி மருந்து ஏற்றுகிற பம்ப் ஒன்றைக் கொண்டுவந்து, "அக்கா, இது சும்மா சும்மா கத்துது" என்று கொடுத்தாள். இசக்கிலெட்சுமி அதைத் தொடைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். அதற்குள் என்னைச் சுத்தமாக மறந்துவிட்டாள். குனிந்து, காதைப் பக்கத்தில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். ஏதோ ஒரு சின்னச் சக்கரத்தை நகத்தால் தொட்டுவிட்டுத் தனக்குத்தானே சிரிக்கிறாள்.

அந்த முதுகு எனக்குத் தெரிந்த முதுகு. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ரெண்டு மாதமாக அந்த முதுகைத்தான் பார்த்தேன். சாப்பிடக் கூப்பிட்டால் திரும்பாத முதுகு. மெஷினுக்கு முன்னால் என் மகளுடைய முதுகு அப்படி வளையுமா? எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தைரியமில்லை.

அப்போதுதான் போனில் டிங் என்றது. மணி நாலு இருபது. ஆறு இலக்க ஓடிபி எண் வந்திருந்தது. யாராவது லிஸ்ட்டைத் திறக்க முயன்றால், அந்த எண் என் போனுக்குத்தான் வரும். பதியும்போது என் நம்பரைத்தான் கொடுத்தேன். உடனே பெனிட்டா கூப்பிட்டாள்.

"ம்மா, ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லு."

"எதுக்குடி?"

"லிஸ்ட்டத் திறக்கணும்."

"அதெல்லாம் ஒழுங்காத்தான் போட்டிருக்கு. எதுக்குத் திறக்கணும்?"

"ம்மா. நம்பரச் சொல்லு."

கேட்டுக்கொள்ளுங்கள், ஒன்பது நாளைக்குப் பிறகு அவளாக எனக்கு எதிராகப் பேசினாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா? உடனே சொல்லியிருக்க வேண்டாமா? என் மண்டை என்ன கணக்குப் போட்டது தெரியுமா? இன்னும் நாற்பது நிமிஷம் நான் சொல்லாமல் இருந்தால் போதும். பூட்டிக்கொள்ளும். வாயைத் திறந்தே எல்லாவற்றையும் சாதித்தவள் நான். வாயை மூடியே ஒன்றைச் சாதிக்கக் கிடைத்தது இது ஒன்றுதான்.

"சிக்னல் விட்டு விட்டு வருது. நான் அப்புறம் பேசுறேன்."

"நல்லாத்தானே கேக்குது?"

அந்தச் சமயத்தில் வராந்தா ஸ்பீக்கரில் என் பெயரைக் கூப்பிட்டுத் தொலைத்தார்கள். "ஜெசிந்தா அமல்ராஜ், ஈசிஜி ரூமுக்கு வரவும்."



"ம்மா? எங்க இருக்க நீ? விசேஷ வீட்டுக்குன்னு சொல்லிட்டுப் போன? ஈசிஜியா? யாருக்கு? உனக்கா? ம்மா, நெஞ்சு வலிக்குதா? அப்பாவுக்குச் சொன்னியா? எந்த ஆஸ்பத்திரி? ம்மா, பேசு. ம்மா!"

நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டம்மா என்னமோ கேட்க, இவள் அழுதுகொண்டே, "அம்மாவுக்கு நெஞ்சு வலியாம்" என்கிறாள். "நான் வாரேன், ஆட்டோவுல வாரேன், நீ எந்திரிச்சு நடக்காத" என்கிறாள்.

நான் பேசவில்லை. இதை உங்களிடம்தான் சொல்கிறேன். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் வர அரை மணி நேரமாகும். வந்து, என்னைப் பார்த்து, அழுது முடிக்க ஐந்து மணி தாண்டிவிடும். அவள் லிஸ்ட்டை மறந்தே போய்விட்டாள். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், நெஞ்சு வலிக்கவில்லை என்று சொல்லாமல் இருந்தால் போதும். இருந்தேன். பத்து எண்ணுகிற நேரம் இருந்தேன். பக்கத்தில் இசக்கிலெட்சுமி கையில் பம்ப்போடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, மூச்சு விடுறியா? எனக்குக் கேக்கல. மூச்சு விடுற சத்தமாவது குடும்மா" என்றாள்.

அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். இத்தனை நாளாகக் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டதும் அதைத்தானே. சோப்பு என்றும் துண்டு என்றும் சொல்லிக் கேட்டேன். அவளுக்கு என்னை மாதிரிச் சுற்றி வளைக்கத் தெரியவில்லை, நேராகக் கேட்டுவிட்டாள்.

கான்வென்ட்டெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "ஏட்டி, நில்லு! வராதட்டி!" என்று கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "எனக்கு ஒண்ணுமில்ல. நெஞ்சும் வலிக்கல, ஒரு மண்ணும் இல்ல. சும்மா வந்தேன். உக்காரு. உக்காந்தியா? நம்பர எழுது."

சொன்னேன். அதற்குள் அந்த எண் காலாவதியாகிவிட்டது. "போயிருச்சும்மா, மறுபடியும் அனுப்பச் சொல்றேன்" என்று மூக்கை உறிஞ்சுகிறாள். மறுபடியும் வரும்வரைக்கும் நான் போனைத் தூக்கிப் பிடித்து, ஜன்னல் ஜன்னலாக நடந்தேன். நிஜமாகவே சிக்னல் போய்விடுமோ என்று இப்போது பயம். நாலே முக்காலுக்கு வந்தது. ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. "மெதுவாம்மா, ஆஸ்பத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணிருச்சு" என்றாள் இசக்கிலெட்சுமி.

நாலு ஐம்பத்தொன்றுக்கு லிஸ்ட் பூட்டப்பட்டது என்று செய்தி வந்தது. என்ன போட்டுப் பூட்டினாள் என்று அதில் இல்லை. பார்க்கலாம் என்று உள்ளே போனால் பாஸ்வேர்டு தப்பு என்கிறது. மாற்றிவிட்டாள். கெட்டிக்காரி.

அப்புறம் அவளே கூப்பிட்டாள். "ம்மா, நான் என்ன போட்டேன்னு கேக்க மாட்டியா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என் இருபத்தாறையும் அப்படியே விட்டிருந்தால்? இத்தனைக்கும் பிறகு அம்மா மனசு நோகக்கூடாது என்று அப்படியே விட்டிருந்தால்? அந்த முதுகைப் பார்த்த பிறகு அதை நான் எப்படித் தாங்குவேன்? எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்றுமே போடாமல் பூட்டியிருந்தால்? அதை மட்டும் தாங்கிவிடுவேனா? எது வந்தாலும் எனக்குப் பயம்தான். "வீட்டுக்கு வந்து கேக்குறேன்" என்று வைத்துவிட்டேன். மறுபடி ஈசிஜி எடுக்கக் கூப்பிட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு இந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வீட்டில் போய் எப்படி ஆரம்பிப்பது? என்ன போட்டாய் என்றா? அது லிஸ்ட்டைக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். நீ நன்றாக இருக்கிறாயா என்றா? அப்படி நான் என் பிள்ளையிடம் கேட்டதே இல்லை. கேட்டால் எப்படி உச்சரிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. நீங்கள் எப்படிக் கேட்பீர்கள்? சொல்லுங்கள். இல்லை, இருங்கள், நான் முடித்துவிடுகிறேன்.

அடடா, இது எங்கள் ஸ்டாப். கொஞ்சம் காலை மடக்குங்கள்.

அங்கே பாருங்கள், அந்தப் பெட்டிக்கடை ஓரத்தில். மஞ்சள் சுடிதார். அவள்தான். வர வேண்டாம் என்று சொன்னேன் இல்லையா? ஒன்றுமில்லை என்று சொன்னேன் இல்லையா? வந்து நிற்கிறாள், பாருங்கள். காலில் அவள் அப்பா செருப்பு. ஒவ்வொரு பஸ் ஜன்னலாகத் தேடுகிறாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே. உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா? கோபமா அது? அழுகையா?

இறங்குகிறேன் தம்பி, விசில் ஊதிவிடாதீர்கள். படியில்தான் நிற்கிறேன். ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். இறங்குகிறேன் என்று சொல்கிறேன் இல்லையா?